கடலைக் குழம்புக்கு பாட்டில் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் மேற்கு ஆப்பிரிக்க வேர்க்கடலைக் குழம்பின் செய்முறை வந்திருந்தது. சந்தோஷம். ஆனால் முதல் வரியிலேயே 'பீனட் பட்டர் ஒரு பாட்டில்' என்று போட்டுவிட்டீர்கள். விலையை நினைத்தே பாதிப் பேர் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள்.

நான் சரக்குக் கப்பல்களில் சமையல்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். செனகல் நாட்டு டக்கார் துறைமுகத்தில் கப்பல் நிற்கும்போதெல்லாம், வெளியே சோறு விற்கும் பெண்களிடம் இதை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். அங்கே 'மாஃபே' என்பார்கள். பக்கத்து மாலியிலும் இது வீட்டுச் சாப்பாடுதான். வறுத்த கடலையை அரைத்த விழுது, வேறொன்றும் இல்லை. பாட்டிலில் வருவதில் பெரும்பாலும் சர்க்கரை இருக்கும். எண்ணெய் பிரியாமலிருக்க வேறொரு கெட்டி எண்ணெயும் சேர்த்திருப்பார்கள். இந்தக் குழம்புக்கோ எண்ணெய் பிரிந்தால்தான் பக்குவம்.

ஐந்து பேருக்குக் கால் கிலோ கடலை போதும். இளந்தீயில் வறுத்து, தோலைத் தேய்த்துப் புடைத்துவிட்டு, தண்ணீர் விடாமல் மிக்சியில் அரையுங்கள். முதலில் பொடியாகும், அப்புறம் ஓரத்தில் அப்பிக்கொள்ளும். வழித்துவிட்டு, ஜார் சூடாறவிட்டு மறுபடி ஓட்டினால் எண்ணெய் கக்கி இளகிவிடும். எலும்போடு அரைக்கிலோ மாட்டிறைச்சி அல்லது ஆட்டிறைச்சியைச் சிவக்க வதக்கி, வெங்காயம், பூண்டு, தக்காளி சுண்டியதும் வெந்நீர் ஊற்றுங்கள். கறி பாதி வெந்த பிறகு, கொதிக்கிற சாற்றில் நாலு கரண்டி எடுத்து விழுதைக் கரைத்து ஊற்ற வேண்டும். அப்படியே போட்டால் கட்டி தட்டும். கூடவே மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு), காரட், முட்டைக்கோஸ், எல்லாம் பெரிய துண்டுகளாக. இனி தீ குறைவாக இருக்கட்டும். கடலை அடிபிடிக்கும், அடுப்பை விட்டு நகரக் கூடாது. முக்கால் மணி நேரத்தில் மேலே செந்நிறமாக எண்ணெய் மிதக்கும், இறக்கிச் சோற்றில் ஊற்றலாம்.

உங்கள் குறிப்பிலிருந்த கரம் மசாலா எதற்கென்று புரியவில்லை. அங்கே உருண்டையான மிளகாய் ஒன்றை முழுசாகக் குழம்பில் மிதக்கவிட்டு, உடையாமல் எடுத்துவிடுவார்கள். மணம் மட்டும் இறங்கும்; காரம் வேண்டியவர் தட்டில் நசுக்கிக்கொள்வார். நமக்குக் காந்தாரி மிளகாய் இருக்கிறது, காம்போடு நாலைந்து போடுங்கள். தேங்காய் அரைத்து ஊற்றலாமா என்று எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். குமரி மாவட்டத்தில் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்! வேண்டாம், கடலையே போதும்.

மரச்சீனியும் கடலையும் தென் அமெரிக்காவில் பிறந்து, போர்த்துக்கீசியர் கப்பலில் ஆப்பிரிக்கா போனவை. நம் மாவட்டம் அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் மரச்சீனியைப் பரப்பியவர் 1880களில் ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. அதனால் நம் நாக்குக்கு இது அந்நியமாக இருக்காது.

ஒன்றை அவசியம் அச்சிடுங்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் நம்முடையது, கடலை சீக்கிரம் பூஞ்சை பூத்துப்போகும். சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எல்லாவற்றையும் வறுக்குமுன் பொறுக்கி எறிய வேண்டும். அதிலுள்ள அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு கொதிக்கவைத்தாலும் முழுதாகப் போகாது. கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கும் ஒரு வரி எச்சரிக்கை போடலாம்.

இதையே மீன் போட்டும் வைப்பார்கள். இடம் ஒதுக்குவதாக இருந்தால் அந்தச் செய்முறையையும் எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கப்பல் சமையல்காரர்,
குளச்சல், கன்னியாகுமரி மாவட்டம்