சின்னவனுக்கும் படித்துக் காட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகிறது. மூன்று தடவை பேனாவை எடுத்துவிட்டு மூன்று தடவையும் வைத்துவிட்டேன். ஐந்து மாதமாக ஒரு வரி எழுதாதவன் எதைச் சொல்லித் தொடங்குவது? நீ ஒரு வார்த்தை கூடக் கோபமாக எழுதவில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

அம்மாவுக்குக் கால் வீக்கம் வற்றியதா? அத்தானுக்கு என் வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். எழுத்து ஏன் இப்படிக் கோணிக் கிடக்கிறது என்று அம்மா கேட்டால், குளிர் என்று சொல். பொய்யில்லை. காலை எட்டு மணிக்குத்தான் இங்கே விடிகிறது. வண்டிப் பூட்டில் பனி உறைந்து சாவி நுழைய மாட்டேன் என்கிறது. வந்த புதிதில் ஒரே தடிச் சட்டையாகப் போட்டுக்கொண்டு போவேன். இப்போது மெல்லிய சட்டை மூன்று. மண் வெட்டி உடம்பு சூடானதும் ஒன்றைக் கழற்றிவிட வேண்டும். வேர்வை உள்ளே தங்கினால்தான் குளிர் எலும்பில் இறங்குகிறது. இரண்டு மாதமாகப் பணம் குறைத்து அனுப்பியதற்கும் குளிர்தான் காரணம். புல் வளராத காலத்தில் தோட்டக்காரனுக்கு வேலை குறையும். நீ வேறு எதையும் நினைத்துக் கவலைப்படாதே.

சின்னவன் புல் வெட்டும் எந்திரம், பிரஷ் கட்டர், வாங்கிவிட்டான், நான்கு வீட்டுத் தோட்டமும் பள்ளிக்கூட மைதானமும் ஒப்பந்தம் பிடித்துவிட்டான் என்று எழுதியிருந்தாய். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அடுத்த வரியிலேயே, செருப்புக் காலோடு புல் வெட்டப் போனான், கல் தெறித்து முழங்காலுக்குக் கீழே இரண்டு தையல் என்று எழுதியிருக்கிறாய். அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு மறுநாள்தான் மிச்சத்தைப் படித்தேன்.

போனில் சொன்னால் "சரிண்ணே, சரிண்ணே" என்று வைத்துவிடுகிறான். அதனால்தான் எழுதுகிறேன். இதை அவனுக்குப் படித்துக் காட்டு. ஒரு தடவை போதாது.

டேய், அந்தக் கல் கவண்கல் மாதிரி வந்தது. முழங்காலில் பட்டதால் தப்பித்தாய். நீ வெட்டும்போது சுற்றிலும் 15 மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது. நம் வாசலிலிருந்து கிணற்றடி வரைக்கும் இருக்குமே, அவ்வளவு தூரம். யாராவது உள்ளே வந்தால் எந்திரத்தை நிறுத்து. கையைக் காட்டித் துரத்திக்கொண்டே வெட்டாதே. பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் எந்திரத்தைத் தொடவே கூடாது, ஹெட்மாஸ்டர் அவசரம் என்று சொன்னாலும். இங்கே எங்கள் முதலாளியம்மா ஒவ்வொரு தோட்டத்திலும் எந்திரத்தை வண்டியிலிருந்து இறக்கும் முன்பே எங்களை ஒரு சுற்று நடக்க வைப்பார். கல், கம்பி, பாட்டில், நாய் கடித்துப் போட்ட எலும்பு, எல்லாவற்றையும் பொறுக்குவோம். பத்து நிமிஷம் ஆகும். வெட்டியாக நடக்கிறோமே என்று முதல் வாரம் நினைத்தேன். புல்லுக்குள் கிடந்த இரும்பு முளையை ஒரு நாள் என் கையாலேயே எடுத்தேன். அன்றோடு அந்த நினைப்பு போய்விட்டது.

வலைக் கவசம் முகத்துக்கு. அதற்கு உள்ளே கண்ணாடியும் போடு, வலை தூசியைத் தடுக்காது. தகட்டுக்கு மேல் இருக்கும் மறைப்பைக் கழற்றி வைத்திருப்பாய், எனக்குத் தெரியும். இன்றைக்கே மாட்டு. புல் சுற்றிக்கொண்டால் எந்திரத்தை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் மூடியைப் பிடுங்கிவிட்டு அப்புறம் கையை வை. கணுக்காலை மூடும் தடி பூட்ஸ் வாங்கு. அது வாங்க முடியாவிட்டால் அந்த மைதானத்து வேலையை விட்டுவிடு.

அக்கா, அவன் டிவியை ஊர் கேட்க வைக்கிறான் என்று எழுதியிருந்தாயே, அதுவும் இதனால்தான். நாள் முழுக்க எந்திரத்தைத் தோளில் மாட்டியவனுக்குச் சாயங்காலம் காது பஞ்சு வைத்தது மாதிரி இருக்கும். காலையில் சரியாகிவிடும். அப்படித் தினமும் மூடித் திறந்துகொண்டிருக்கிற காது ஒரு நாள் திறக்காமலே போய்விடும். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் எல்லை என்பது ஒரு கணக்கு. மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிவிடும். 88க்கு நான்கு மணி, 91க்கு இரண்டு மணி, 94க்கு ஒரே மணி. எந்திரத்தின் மேலேயோ கையேட்டிலோ சத்த அளவு போட்டிருக்கும், பார்க்கச் சொல். காதடைப்பான் பெரிய செலவில்லை.

மேல்வீட்டுத் தாத்தாவைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேனா? தனியாக இருக்கிறார். ஆறு மாதம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பனி விழுந்த முதல் நாள் காலையில் கதவைத் தட்டினார். திறந்தால், சட்டையைத் திறந்து போட்டபடி நிற்கிறார். ஒன்றும் சொல்லாமல் கழுத்துப் பொத்தானைக் காட்டினார். போட்டுவிட்டேன். தலையை அசைத்துவிட்டுப் படியேறிப் போய்விட்டார். அதிலிருந்து குளிர் அதிகமான நாளெல்லாம் ஏழு மணிக்குத் தட்டுவார், நான் ஐந்து பொத்தானையும் போட்டுவிடுவேன். இந்த ஊரில் வேலை இல்லாத நாளில் என் கதவைத் தட்டுவது அவர் ஒருவர்தான்.

முப்பது வருஷம் பூங்காக்களில் மரம் அறுத்தவராம். குளிர் பட்டதும் விரல் நுனிகள் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்துவிடுகின்றன. பிறகு நீலம், பிறகு சிவப்பு. ரத்தம் திரும்பும்போது வலி தாங்காமல் கைகளை அக்குளில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நிற்பார். தரையில் விழுந்த காசை எடுக்கத் தெரியாது அந்த விரல்களுக்கு. எந்திரத்தின் அதிர்வு வருஷக்கணக்கில் கையில் ஏறியதால் வந்தது. பயிற்சி வகுப்பில் இதைப் பற்றி ஒரு முழு நாள் சொன்னார்கள். ஆலிஸ் ஹாமில்டன் என்கிற டாக்டரம்மா 1918இலேயே அமெரிக்காவில் இண்டியானாவின் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறவர்களின் கைகளைப் பார்த்து இதை எழுதி வைத்தாராம். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் என் மேல்வீட்டில் ஒருவர் பொத்தான் போட முடியாமல் நிற்கிறார்.

சின்னவன் இந்தக் கணக்கை நெஞ்சில் எழுதி வைக்கட்டும். கைப்பிடி அதிர்வு என்று கையேட்டில் ஒரு எண் இருக்கும். ஐரோப்பிய விதிப்படி, அது 5 என்றால் இரண்டு மணி நேரத்தில் எச்சரிக்கை அளவு வந்துவிடும், எட்டு மணி நேரத்தில் எல்லை. 10 என்றால் எச்சரிக்கை அரை மணியில், எல்லை இரண்டு மணியில். எண் இரட்டித்தால் நேரம் பாதியாவதில்லை, கால்வாசியாகிவிடுகிறது. எந்திரம் பிடித்திருக்கும் நேரம் மட்டும்தான் இதில் சேரும், பொறுக்குவது கூட்டுவது சேராது. ஆகவே அவனும் கூட வேலைக்கு வருகிற பையனும் மாற்றி மாற்றிப் பிடிக்கட்டும். தகடு மழுங்கினால் அதிர்வு கூடும், தீட்டி வைக்கட்டும். இறுக்கிப் பிடிக்க வேண்டாம். அதிர்வு தாங்கும் கையுறை என்று விற்பார்கள், அதை நம்பி நேரத்தைக் கூட்டிவிடக் கூடாது. கையைக் கதகதப்பாக வைக்க எந்தக் கையுறையும் நல்லதுதான்.

இந்தப் பத்தியை நீ மட்டும் படி, அக்கா. அம்மா பக்கத்தில் இருந்தால் தாண்டிப் போய்விடு. டிசம்பரில் ஒரு நாள் காலையில் என் வலக்கை மோதிர விரலும் சுண்டு விரலும் வெளுத்தன. பத்து நிமிஷம் எனக்கு அந்த விரல்களே இல்லை. முதலில் இருந்த இடத்தில் வெட்டிய வேலியின் நீளத்துக்குத்தான் கூலி. வேலிச்செடி கத்தரிக்கும் ஹெட்ஜ் டிரிம்மரை ஆறு மணி, ஏழு மணி நேரம் கீழே வைக்காமல் பிடித்தேன். அப்போது உங்களுக்குக் கூடுதலாகப் பணம் வந்ததே, அது அந்தப் பணம். டாக்டர் பார்த்துவிட்டார். ஆரம்பம்தான், இப்போதே அதிர்வைக் குறைத்தால் மேலும் முற்றாமல் நிறுத்தலாம் என்கிறார். முதலாளியம்மாவிடம் சொல்லப் பயந்துகொண்டே சொன்னேன். அன்றைக்கே என்னை எந்திரத்திலிருந்து எடுத்து நடவுக்கும் கைக் கத்தரிக்கும் மாற்றிவிட்டார். கூலி சற்றுக் குறைவு. எழுத்துக் கோணலுக்கும் பணக் குறைச்சலுக்கும் குளிர் பாதிக் காரணம், இது மீதி.

மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா மருந்தடித்துவிட்டு வந்து திண்ணையில் சுருண்டு தலையைப் பிடித்துக்கொள்வாரே, வெயில் என்று நாம் நினைத்தோம். வெறுங்கையால் வாளியில் கலக்குவார். அடைத்துக்கொண்ட மூக்கை வாயால் ஊதுவார். காலிக் கேனைக் கழுவி அம்மா தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள், அதில்தான் நாம் முகம் கழுவினோம். இதெல்லாம் இங்கே வகுப்பில் "செய்யக் கூடாதவை" என்று ஒவ்வொன்றாகச் சொன்னபோது நான் தலை நிமிரவில்லை.

சின்னவன் களைக்கொல்லி அடிப்பதாக இருந்தால் முதலில் லேபிளைப் படிக்கட்டும். சாய்சதுரத்துக்குள் மண்டையோடு இருந்தால் அதைத் தொடாமல் வேறு வழி பார்க்கட்டும். களையைக் கையால் பிடுங்கினால் என்ன? அடித்தே தீர வேண்டுமென்றால் நைட்ரைல் என்கிற ரப்பர் கையுறை. தோல் கையுறை மருந்தை உறிஞ்சிக் கையிலேயே வைத்திருக்கும். காற்றுள்ள நாளில் அடிக்க வேண்டாம். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது, உன் பிள்ளைகள் அந்த வீட்டுக்குள்தான் ஓடுகிறார்கள். காலிக் கேனை மூன்று தடவை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிட்டு, கேனில் ஓட்டை போட்டுவிட வேண்டும். அவன் சட்டையை மற்றத் துணியோடு ஊற வைக்காதீர்கள். அம்மா கையால் துவைக்க வேண்டாம். அவனே கையுறை போட்டுத் துவைக்கட்டும்.

எருக்கு, கள்ளி வெட்டும்போது கண்ணாடி இல்லாமல் வெட்டக் கூடாது. அந்தப் பால் கண்ணில் பட்டால் கருவிழி கெடும். அரளிக் கிளையைக் குவித்து எரிக்க வேண்டாம், புகையும் விஷம்.

ஏணி விஷயத்தில் எனக்கு நேர்ந்ததையே சொல்கிறேன். முதலில் இருந்த அதே இடத்தில், ஓடையோரச் சேற்றில் ஏணியை நிறுத்தி, டிரிம்மரோடு ஏறு என்றார்கள். டிரிம்மருக்கு இரண்டு கையும் வேண்டும். ஏணியைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? ஏற மாட்டேன் என்றேன். மறுநாளிலிருந்து இரண்டு வாரம் என்னை வேலைக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட்டபோது நான் இந்த இடத்துக்கு வந்துவிட்டிருந்தேன். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பி விலகுகிறவனைத் தண்டிக்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 155ஆம் உடன்படிக்கை 1981இலேயே சொல்லியிருக்கிறது. பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். சின்னவனுக்கு இதை ஏன் எழுதுகிறேன் என்றால், இப்போது அவன் முதலாளி. கூட வருகிற அந்தப் பையன் "பயமா இருக்குண்ணே" என்றால் அவனைக் கேலி செய்யாமல் இறங்கச் சொல்ல வேண்டும். ஏணி நாலடி உயரத்துக்கு ஒரு அடி தள்ளி நிற்க வேண்டும், கெட்டித் தரையில். மேலே மின்கம்பி போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

முதலாளியம்மா வண்டியில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். அடிபட்டதை எழுதுவதோடு, அடிபடாமல் தப்பியதையும் அதில் எழுதச் சொல்வார். தப்பிய இடத்தில்தான் அடுத்தவன் விழுவான் என்பார். அவன் அந்த முழங்கால் கல்லிலிருந்து ஒரு நோட்டைத் தொடங்கட்டும்.

மட்கு உர மூட்டையைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்து, தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்க வேண்டும் என்பது இங்கே விதி. அதில் லெஜியோனெல்லா என்கிற கிருமி இருக்கலாம், மூச்சில் போனால் நுரையீரல் காய்ச்சல் வரும். இரண்டு வருஷமாக இந்த விதியை நான் மீறியதில்லை. போன திங்கட்கிழமை மீறினேன். மூட்டையைக் கிழித்ததும் நம் கிணற்றடி வாழைக்குழியின் வாசனை வந்தது. அப்பா சருகைப் போட்டு மிதிப்பாரே, அந்த ஈர வாசனை. முகத்தை உள்ளே வைத்து மூச்சை இழுத்துவிட்டேன். எவ்வளவு நேரம் அப்படியே மண்டியிட்டிருந்தேன் என்று தெரியவில்லை. முதலாளியம்மா வந்து தோளைத் தொட்டார், ஒன்றும் கேட்கவில்லை, முகக்கவசத்தை மட்டும் நீட்டினார். அக்கா, எனக்கு வீட்டுக்கு வர வேண்டும் போல இருக்கிறது. இந்த வருஷம் முடியாது. சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

சரி, வீட்டுக் காரியம். எந்திரம் வாங்க அம்மாவின் சங்கிலியை வைத்தது உன் கடிதத்தில் இல்லை, ஆனால் அத்தான் போனில் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அம்மா கழுத்து சும்மா இருக்கக் கூடாது. மீட்பதற்கு மாதம் கொஞ்சமாகத் தனியே அனுப்புகிறேன், அதை நீயே வாங்கி நேராகக் கட்டு, சின்னவன் கையில் கொடுக்காதே. அவன் பெட்ரோல் கேனைச் சமையலறையில் வைத்திருந்தால் இன்றைக்கே வெளியே எடுத்து வை. எந்திரம் சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்ற வேண்டாம் என்றும் சொல். பெரியப்பா கேட்ட கையெழுத்தைப் பத்திர நகல் வராமல் நான் போட முடியாது, அவரிடம் கோபப்படாமல் சொல்லிப் பார்.

தையல் போட்டபோது டெட்டனஸ் ஊசி போட்டார்களா என்று நீ எழுதவில்லை. மண்ணில் வேலை செய்கிறவன், போடாவிட்டால் நாளைக்கே கூட்டிப் போ. கூட வருகிற பையனையும் கூட்டிப் போ.

அவனுக்குக் கையுறை இங்கிருந்து அனுப்புகிறேன். கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையைச் சுற்றி நூலால் அளந்து, அந்த நூலை வெட்டிப் பதில் கடிதத்துக்குள் வை. பையனின் கைக்கு இன்னொரு நூல்.

உன் அன்புத் தம்பி