கண்ணை விற்று வாங்கிய பம்பர்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாததற்குச் சோம்பேறித்தனம் மட்டும் காரணமில்லை. உன் காரின் பின்பக்கத்துக்கு எந்தக் கார்பன் பாகம் வாங்கலாம் என்று கேட்டு நீ அனுப்பிய மூன்று படங்களையும் தினம் ஒருமுறை எடுத்துப் பார்ப்பேன். எழுத உட்காருவேன். "வாங்காதே" என்று ஒரே வார்த்தையில் முடித்தால் ஆறு மாதம் பேசமாட்டாயே என்று எழுந்துவிடுவேன். இன்று வெளியே மழை, வேலையும் இல்லை. நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

முதலில் வீட்டுச் செய்தி. முழங்கால் பரவாயில்லை, மாடிப்படியில் மட்டும் வயதை ஞாபகப்படுத்துகிறது. சின்னவள் கார் ஓட்டப் பழகுகிறாள். ரிவர்ஸ் எடுக்கும்போது தலையைத் திருப்புவதே இல்லை, திரையையே பார்க்கிறாள். பின்னால் எது வந்தாலும் வண்டி கத்திச் சொல்லிவிடும் என்று அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கும் நீ கேட்ட பம்பருக்கும் சம்பந்தம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

பி.எம்.டபிள்யூ எம்5 கார் எடுத்துவிட்டாய் என்று படித்ததும் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். அடுத்த பத்தியிலேயே "பின்பக்கம் கொஞ்சம் சப்பென்று இருக்கிறது" என்று எழுதியிருந்தாயே, அங்கேதான் சிரித்துவிட்டேன். கல்லூரி நாளில் உன் பைக் சைலன்சரை ஹாக்ஸா பிளேடால் அறுத்தோமே, அப்போதும் இதையேதான் சொன்னாய். முப்பது வருடத்தில் மாறியது வண்டி மட்டும்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். உன் முதல் படத்தில் இருப்பது முழுக் கார்பன் பம்பர், டிஃப்யூசரும் அதோடு ஒட்டியே வருகிறது. இரண்டாவதும் மூன்றாவதும் அடிப்பகுதியில் பொருத்தும் டிஃப்யூசர் மட்டும். இவற்றில் எது நல்லது என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முன் டிஃப்யூசர் எதற்காக இருக்கிறது என்று பார்த்துவிடலாம். "வேகத்தில் வண்டி ஒட்டிக்கொண்டு போகுமாம்" என்று நீ எழுதியதைப் படித்ததிலிருந்து இதைச் சொல்லக் கை துறுதுறுத்தது.

வண்டிக்கும் தரைக்கும் நடுவே உள்ள குறுகிய சந்தில் காற்று நுழையும்போது வேகமெடுக்கும். வேகமெடுத்தால் அழுத்தம் குறையும், வண்டி கீழே இழுபடும். அந்தக் காற்றை அப்படியே திடீரென்று பின்னால் விட்டால் சுழன்று கலங்கி வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். அதனால் பின்பக்கம் மெல்ல மேலேறும் ஒரு சரிவை வைத்து, காற்றை நிதானப்படுத்தி வெளியே அனுப்புகிறார்கள். அந்தச் சரிவுதான் டிஃப்யூசர். 1978-இல் மரியோ ஆண்ட்ரெட்டி உலகச் சாம்பியனான லோட்டஸ் 79 பந்தய வண்டி இந்தத் தந்திரத்தை அடிப்பாகம் முழுக்கச் செய்து மற்றவர்களைத் திணறடித்தது. அந்த மாதிரி வண்டிகள் வளைவில் ஆபத்தான வேகம் போகின்றன என்று 1983-இலிருந்து ஃபார்முலா ஒன்னில் அடிப்பாகம் தட்டையாக இருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். அதற்குப் பின் மிச்சமிருந்த விளையாட்டெல்லாம் பின்னால் உள்ள அந்தச் சின்னச் சரிவில்தான். 2009-இல் பிரான் அணி இரட்டை டிஃப்யூசர் வைத்து ஜென்சன் பட்டனைச் சாம்பியனாக்கியது உனக்கே தெரியும். ராத்திரி தூங்காமல் போன் செய்து என்னை எழுப்பியவனே நீதானே.

ஆனால் அதெல்லாம் அடிப்பாகம் முழுக்க வழவழவென்று மூடியிருக்கும் வண்டிகள். உன் வண்டியின் பின்பக்கம் கீழே குனிந்து பார். சைலன்சர் தொங்கும், சஸ்பென்ஷன் கைகள் குறுக்கே போகும், டிஃபரன்ஷியல் இருக்கும். அதிலெல்லாம் மோதிக் கலங்கி வரும் காற்றுக்குக் கடைசி ஒரு முழத்தில் அழகான சரிவு காட்டி என்ன பயன்? சரிவும் அளவோடு இருக்க வேண்டும். நீளத்தையும் தரை உயரத்தையும் பொறுத்துக் கணக்கு மாறும் என்றாலும், பத்துப் பன்னிரண்டு பாகைக்கு மேல் தூக்கினால் காற்று மேற்பரப்பை விட்டுப் பிரியத் தொடங்கிவிடும். உன் இரண்டாவது படத்தில் உள்ளது முப்பது பாகைக்குக் குறையாது. அந்த நாலு துடுப்புகளும் சுறாமீன் மாதிரி நன்றாகத்தான் இருக்கின்றன, வேலை ஒன்றும் செய்யா. இன்னொன்று, இந்தக் கீழ்நோக்கிய இழுப்பெல்லாம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 160 கிலோமீட்டர் வேகத்தில் கிடைப்பதில் பதினாறில் ஒரு பங்குதான் 40-இல் கிடைக்கும். நீ தினமும் போவது எந்த வேகத்தில் என்று உன் மனைவியிடம் கேட்டுச் சொல்.

ஆகவே அழகுக்காக வாங்குகிறாய் என்று ஒத்துக்கொள். தப்பே இல்லை. நானும் அதற்காகத்தான் வாங்கினேன்.

ஆமாம், வாங்கினேன். உன்னிடம் சொல்லவில்லை, வெட்கம்தான் காரணம். நாலு வருடத்துக்கு முன் என் கறுப்பு வண்டிக்கு முழுக் கார்பன் பின் பம்பர் வரவழைத்தேன். யாரிடம் வாங்கினேன் என்பதை விடு. பெட்டியைப் பிரித்தபோது, இழைகளைப் பிடித்து வைக்கும் பிசினான ரெசினின் வாசனை அறை முழுக்க அடித்தது. வெயிலில் வைத்துப் பார்த்தால், ஜீன்ஸ் துணியில் சாய்வாக வரி ஓடுமே, அதே மாதிரி நெசவு. கறுப்பும் வெள்ளியுமாக மாறி மாறி மின்னியது. கால் மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகுதான் கண் குறைகளைத் தேட ஆரம்பித்தது. நடுவில் இரண்டு பக்க நெசவும் அம்புமுனை போலச் சந்திக்க வேண்டும், அது அரை விரல் விலகியிருந்தது. கட்டம் போட்ட சட்டையில் பாக்கெட்டைக் கட்டம் பார்க்காமல் தைத்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. மூலை வளைவுகளில் துணியை இழுத்துப் படிய வைத்ததில் வரிகள் கோணலாகியிருந்தன. சாய்த்துப் பிடித்தால் ஊசி முனை அளவில் குழிகள், ரெசினில் காற்றுக் குமிழ் உடைந்த இடங்கள்.

தயாரிப்பு முறையில்தான் இந்த வித்தியாசமெல்லாம் வருகிறது. ஒரு கார்பன் இழையின் தடிமன் 5 முதல் 7 மைக்ரான், நம் தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. அப்படி மூவாயிரம் இழை சேர்ந்தால் ஒரு பட்டை, பட்டைகளைப் பின்னினால் துணி. அந்தத் துணியை அச்சில் விரித்து பிரஷால் எபாக்சி என்ற ரெசின் பூசிக் காயவிடுவது ஒரு வழி, அதை வெட் கார்பன் என்பார்கள். ட்ரை கார்பனில் ரெசின் சரியான அளவில் முன்பே ஊறிய துணி வரும், உறைபெட்டியில் வைத்திருந்து எடுப்பார்கள். அச்சில் படிய வைத்து, காற்றை உறிஞ்சி, ஆட்டோகிளேவ் என்ற பெரிய குக்கருக்குள் ஆறேழு மடங்கு காற்றழுத்தத்தில், நூற்றிருபது டிகிரிக்கு மேல் வேகவைப்பார்கள். எடை குறையும், குமிழி இருக்காது. விலை கூடும். மூன்றாவதாக ஒன்று உண்டு: கண்ணாடி இழையில் உருவம் செய்து மேலே ஒரே ஒரு சுற்றுக் கார்பன் துணி ஒட்டியது. அதையும் கார்பன் என்றே விற்பார்கள். உள்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல், தெரிந்துவிடும். உன் படங்களில் ஒருவரும் உள்பக்கத்தைக் காட்டவில்லை, கவனித்தாயா?

எடைக்கு வருகிறேன். பழைய பம்பரையும் புதியதையும் வீட்டு எடைமெஷினில் மாறி மாறி நின்று நிறுத்துப் பார்த்தேன். வித்தியாசம் இரண்டு கிலோ சொச்சம். டிக்கியில் கிடக்கும் கருவிப்பை அதைவிடக் கனம்.

மாட்டுவதற்கு மூன்று வார இறுதி போனது. இடது பக்க இடைவெளியில் விரல்நகம் நுழையவில்லை, வலது பக்கத்தில் சுண்டுவிரலே நுழைந்தது. தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்தேன். அந்தத் தூள் சட்டைக்குள் போய் இரண்டு நாள் அரித்தது. முகமூடி இல்லாமல் அந்த வேலையைத் தொடாதே. ஒருவழியாக மாட்டி, நாலு பேர் திரும்பிப் பார்க்க ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தேன். திரும்பும் வழியில் திரையில் மஞ்சள் எழுத்து: பக்கவாட்டு எச்சரிக்கை செயல்படவில்லை.

வயர் சரியாகச் சொருகவில்லை என்று நினைத்தேன். பம்பரை மறுபடி கழற்றினேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மாட்டினேன், எழுத்து போய்விட்டது. அப்பாடா என்றிருந்தது. இரண்டு நாள் கழித்து நெடுஞ்சாலையில் தடம் மாறப் போனேன். பக்கத்தில் வண்டி வந்தால் கண்ணாடியில் எரிய வேண்டிய விளக்கு எரியவில்லை, பாதி திருப்பிவிட்டேன், பக்கத்திலேயே ஒரு பைக். அந்தப் பையன் அடித்த ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது. எழுத்து வந்தபோதாவது கோளாறு என்று தெரிந்தது. எழுத்தும் வராமல், விளக்கும் எரியாமல் இருந்ததுதான் பயங்கரம்.

மறுநாள் மெக்கானிக்கிடம் போனேன். அவர் கம்ப்யூட்டரைக்கூட மாட்டவில்லை. பம்பர் மூலையை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டிவிட்டுச் சிரித்தார். "ரேடாருக்கு முன்னால சுவர் கட்டிட்டீங்களே சார்."

விஷயம் இதுதான். பக்கவாட்டில் வண்டி வருகிறதா என்று பார்க்கும் ரேடார் இரண்டும் பின் பம்பரின் இரு மூலைகளுக்குள் ஒளிந்திருக்கின்றன. கம்பெனி பம்பர் பாலிப்ரொப்பிலீன் வகைப் பிளாஸ்டிக், ரேடார் அலை அதன் வழியாகப் புகுந்து போய் வரும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் உலோகத் தகடு மாதிரி அலையைத் தடுத்துத் திருப்பிவிடும். போயிங் 787-இன் உடற்கூடு கார்பன் கலவைதான், ஆனால் வானிலை ரேடார் இருக்கும் மூக்கு நுனிக்கு அதைப் பயன்படுத்த முடியாது. விமானக்காரர்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கியிருக்கிறேன்.

காலை ஆட்டினால் டிக்கி திறக்குமே, அதன் சென்சாரும் பம்பருக்குள்தான் இருக்கிறது, கார்பன் பக்கத்தில் வந்தால் அதுவும் குழம்பும். பார்க்கிங் சென்சார்கள் வேறு வகை. அவை துளை வழியாக வெளியே எட்டிப் பார்ப்பவை, ஒலியை வைத்து அளப்பவை. துளையின் கோணமும் உள்ளே பிடிக்கும் வளையமும் சரியாக இருந்தால் போதும். கொஞ்சம் கோணினால் தரையையே பார்த்துக் கத்திக்கொண்டிருக்கும்.

இடி பட்டால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தாய். கம்பெனி பம்பர் சின்ன இடிக்கு உள்ளே போய்த் திரும்பி வெளியே வந்துவிடும், கீறல் மட்டும் மிஞ்சும். கார்பன் வளைந்து கொடுக்காது, உடையும். 1981-இல் இத்தாலியின் மான்சாவில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஜான் வாட்சன் ஓட்டிய, கார்பன் கூடு கொண்ட மெக்லாரன் வண்டி, எஞ்சின் தனியே பிய்ந்துபோகும் அளவுக்கு மோதியும் அவர் நடந்து வெளியே வந்தார் என்பது உண்மைதான். அது ஆளைக் காக்கவே பல அடுக்காகக் கட்டிய கூடு. நாம் வாங்குவது மெல்லிய தோல். மேலே ஒன்றும் தெரியாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்தும் இருக்கும். அதற்கு ஒரு நாணயத்தை எடுத்து வரிசையாகத் தட்டிக்கொண்டே போ. நல்ல இடத்தில் "டிக் டிக்" என்று கணீரென்று கேட்கும், பிரிந்த இடத்தில் "தொப்" என்று அமுங்கும். பழைய பொருள் வாங்கினாலும் இதையே செய்.

என் முடிவு இதுதான்: முதல் படத்தை மற. பம்பர் கம்பெனியுடையதே இருக்கட்டும், டிஃப்யூசரை மட்டும் மாற்று. அது நடுவில், கீழே இருக்கிறது, மூலை ரேடாருக்குக் குறுக்கே வராது. உடைந்தாலும் நஷ்டம் சின்னது. மூன்றாவது படத்தில் உள்ளது எனக்குப் பிடித்திருக்கிறது, துடுப்பு குறைவு, வண்டியின் கோட்டோடு போகிறது. ஆனால் அவர்களிடம் இரண்டு கேள்வி கேள். மேலே பூசிய கிளியர் கோட் வெயில் தாங்குமா? தாங்காவிட்டால் எபாக்சி மஞ்சளாகிவிடும், கறுப்பு வண்டிக்கே அது நன்றாகத் தெரியும், உன்னுடையது வெள்ளை. அடுத்து, ரெசின் எத்தனை டிகிரி வரை இளகாது? உன் வண்டியில் நாலு சைலன்சர் வாய்கள், இரண்டு பக்கமும் டிஃப்யூசரை உரசியபடி நிற்கின்றன. சாதாரண அறை வெப்பத்தில் காய்ந்த எபாக்சி அறுபது எழுபது டிகிரியிலேயே மெத்தென்று ஆகலாம். வாய்க்கும் கார்பனுக்கும் இடையே ஒரு விரல் இடைவெளியாவது இருக்கட்டும், உள்பக்கம் வெப்பத் தடுப்புத் தாளும் ஒட்டச் சொல்.

அலுமினியம் துண்டில் நேரடியாக முடுக்கவிடாதே, ஈரம் பட்டால் அலுமினியத்தைக் கார்பன் அரித்துவிடும். நடுவில் ஒரு ரப்பர் வாஷர் போதும். ஒட்டும் டேப்பை மட்டும் நம்பி மாட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடு. கழற்றிய பழைய பாகத்தைத் தூக்கி எறியாதே, விற்கும்போது வேண்டும். இன்ஷூரன்ஸ்காரர்களிடமும் ஒரு வார்த்தை எழுதிப்போடு.

என் கார்பன் பம்பர் இப்போது கராஜ் சுவரில் சாய்ந்து நிற்கிறது. விற்க மனம் வரவில்லை, வாங்குகிறவன் என்னைப் போலவே மாட்டிவிடுவானோ என்ற பயமும் உண்டு. சின்னவள் அதில் துணி காயப்போடுகிறாள்.

அடுத்த முறை சர்வீஸுக்கு விடும்போது வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, அடியிலிருந்து நாலு படம் எடுத்து அனுப்பு. சைலன்சர் வாய்ப் பக்கம் ஸ்கேல் வைத்து எடு. அதைப் பார்த்துவிட்டுத்தான் மூன்றாவதற்கும் சரி சொல்வேன்.

அன்புடன்,
சேகர்