ரோஸ் ஏறிய கிண்ணம்

அன்புள்ள கண்ணம்மா,

நீ அனுப்பிய கிண்ணத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பச்சை இலையைச் சுற்றி வெள்ளையில் ரோஸ் படர்ந்தது உன் தூரிகையின் தப்பில்லை. பச்சைக்கு நீ போட்ட குரோம் ஆக்சைடு சூளைச் சூட்டில் ஆவியாகும். அந்த ஆவி வெள்ளீய ஆக்சைடு கலந்த கிளேஸில் (சூட்டில் உருகிக் கண்ணாடியாகும் பூச்சில்) பட்டால் ரோஸ் ஏறும். பக்கத்தில் நின்ற பாத்திரத்துக்கும் தாவும். இனிப் பச்சைக்குக் காப்பர் கார்பனேட் போடு. குரோம் உள்ள உருப்படிகளைத் தனிச் சூளையாகச் சுடு.

கிளேஸில் விழுந்திருக்கும் ஊசித்துளைக்குக் காரணம் வேறு. மண்ணுக்குள் மிச்சமிருந்த வாயு, கிளேஸ் உருகும்போது கிளம்புகிறது. கிளேஸ் பூசுமுன் மண்ணைச் சுடும் முதல் சூட்டை 1060 டிகிரிக்கு ஏற்று, கிளேஸ் சூட்டை 1030-ல் நிறுத்து. கிளேஸ் விலகிச் சுருண்டால், ஒன்று பாத்திரத்தில் தூசி, இல்லை பூச்சு கனம். சுடுமுன் பூச்சைக் குண்டூசியால் கீறிப் பார். ஒரு மில்லிமீட்டர் கனம் போதும்.

லியோன் ஆர்னூவின் பாத்திரங்கள் மாதிரி உன்னுடையது மின்னவில்லையே என்று கேட்டிருந்தாய். மின்னாது. பிரான்ஸின் துலூஸில் பிறந்த மனுஷர், 1849-ல் இங்கிலாந்தின் ஸ்டோக்கில் மின்டன் பீங்கான் கம்பெனியில் சேர்ந்து 1892 வரை அங்கேயே இருந்தார். மஜோலிகா என்ற ஒரே பெயரில் அங்கே இரண்டு சரக்கு உண்டு. ஒன்று நீ செய்வது: மண்ணை மறைக்கும் வெள்ளைக் கிளேஸ், சுடுமுன் அந்தப் பொடிப்பரப்பின் மேல் ஓவியம். இன்னொன்றில் ஓவியமே கிடையாது. அச்சில் புடைத்த உருவத்தின் மேல் நிறம் கரைந்த ஈயக் கிளேஸ்களையே பக்கம் பக்கமாகப் பூசுவார்கள். மேட்டில் மெலிந்து, பள்ளத்தில் தேங்கிக் கருக்கும். நிழலெல்லாம் அப்படி வந்ததுதான். மின்டனுக்காகச் சிற்பி கொமொலேரா வடித்த மயிலின் இறகுகளைக் கவனி. அந்த மயில்களில் ஒன்று 1878-ல் 'லாக் ஆர்ட்' கப்பலோடு ஆஸ்திரேலியக் கரையோரம் மூழ்கியும் தப்பி எழுந்தது!

அந்தப் பளபளப்புக்கு ஆசைப்பட்டு ஈயத்தைத் தொடாதே. ஈயக் கிளேஸில் காப்பர் சேர்ந்தால் புளிப்புச் சாப்பாட்டில் ஈயம் இன்னும் அதிகமாகக் கசியும். அதற்குப் பதில் போரான் ஃப்ரிட் (உருக்கிப் பொடித்த கண்ணாடி) வாங்கு. வெள்ளீயம் போடாமல், நிற ஆக்சைடை மட்டும் கலந்து, புடைப்புள்ள ஓட்டுத் துண்டில் பூசிச் சுட்டுப் பார். அந்தத் துண்டைச் சாய்த்து நிறுத்திச் சுடு, எவ்வளவு வழிகிறது என்று தெரியும். வழிவது ஒட்டாமலிருக்க அடியில் சூளைப் பலகைக்கு வாஷ் (காப்புப் பூச்சு) பூச மறக்காதே.

அப்பா