சுன்னத்தும் கர்ப்பப்பை வாயும்

அன்புள்ள முருகேசனுக்கு,

பேரன் பிறந்த சேதி கிடைத்தது, ரொம்ப சந்தோஷம். சுன்னத் செய்தால் பிற்காலத்தில் வரப்போகிற மனைவிக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராதாமே என்று மாப்பிள்ளை கேட்பதாக எழுதியிருந்தாய். பாதி உண்மை.

யூத, இஸ்லாமியப் பெண்களிடம் இந்த நோய் குறைவு என்பது பழைய கணக்கு. முன்தோலுக்கு அடியில் சேரும் வெண்பசைமேல் பழியைப் போட்டார்கள். 1983-இல் ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசன் குழு இந்தப் புற்றுக் கட்டிக்குள் எச்.பி.வி. 16 என்ற, உடலுறவால் தொற்றும் வைரஸைக் கண்டுபிடித்தது. அழுக்கு வாதம் ஓய்ந்தது. அந்தக் காலத்து ஆய்வுகளில் பலவும் சுன்னத் ஆனதா என்று வாயால் கேட்டு எழுதிக்கொண்டவை. 1958-இல் அமெரிக்காவில் 192 ஆண்களைக் கேட்டுவிட்டுச் சோதித்தும் பார்த்தார்கள். மூன்றில் ஒருவர் சொன்னது தப்பு!

நம்பத்தக்கது உகாண்டாவின் ராக்காய் சோதனை. சுன்னத் செய்துகொண்டவர்களின் மனைவியரில் இரண்டு வருடம் கழித்து 27.8 சதவீதம் பேருக்கு ஆபத்தான எச்.பி.வி. இருந்தது, செய்யாதவர்களின் மனைவியரில் 38.7. குறைந்தது நிஜம். ஆனால் அளந்தது தொற்றை, புற்றை அல்ல. பெரும்பாலோருக்கு வைரஸ் இரண்டு வருடத்துக்குள் தானே போய்விடும். தங்கிவிட்டவர்களில் சிலருக்குத்தான், அதுவும் 15, 20 வருடம் கழித்து, புற்று. முன்தோலின் உட்புறம் மெல்லியது, வைரஸுக்கு வசதி. ஆனால் வைரஸ் ஆணுறுப்பின் தண்டிலும் விதைப்பையிலும்கூட இருக்கும். அங்கே கத்தி என்ன செய்யும்?

இதற்காக மட்டும் குழந்தைக்குச் செய்ய வேண்டாம் என்பேன். 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு ஒரு டோஸ் எச்.பி.வி. தடுப்பூசியே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொல்லிவிட்டது.

மகளுக்கு முப்பது தாண்டியதும் பரிசோதனை முக்கியம். திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு அசிட்டிக் அமிலச் சோதனை ஒரே தடவை செய்ததில் இந்தப் புற்றால் சாவது 35 சதவீதம் குறைந்தது. 2007-இல் வந்த முடிவு. 3 முதல் 5 சதவீத அமிலத்தைப் பஞ்சில் தோய்த்து கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிஷம் முழுசாகக் காத்திருக்க வேண்டும். கெட்டுப்போன செல்கள் இருந்தால் அந்த இடம் வெளுக்கும்; அவசரப்பட்டால் வெள்ளை தெரியாது. விளிம்பு தெளிவான, அடர்ந்த வெள்ளைத் திட்டுதான் கணக்கு. புண் இருந்தாலும் மங்கலாக வெளுக்கும், அதில்தான் ஏமாறுவார்கள்.

உன் வீட்டம்மாவுக்கு மாதவிடாய் நின்றுவிட்டதல்லவா? பார்க்க வேண்டிய இடம் உள்ளே போயிருக்கும், இந்தச் சோதனை சரிப்படாது. எச்.பி.வி. டெஸ்ட் கேள். கூச்சப்பட்டால் மாதிரியை அவரே எடுத்துக் கொடுக்கலாம்.

அன்புடன்,
கதிரேசன்