முன்னாடியே சொல்லுங்க ஃபாதர்

அன்புள்ள பங்குத்தந்தைக்கும் பங்குப் பேரவைப் பெரியவங்களுக்கும், தோத்திரம்.

திருக்குடும்ப ஞாயிறு பூசையில ஃபாதர் வச்ச பிரசங்கத்தப் பத்தித்தான் எழுதுறேன், எதுன்னு உங்களுக்கே தெரியும். டெஸ்ட் டியூப்ல பிள்ள பெத்துக்கிறது கடவுளோட வேலையில கை வைக்கிறதுன்னு சொன்னீங்க. அப்ப நாலாவது பெஞ்சுல என் மடியில ஒருத்தி உக்காந்திருந்தா, கிறிஸ்மஸ் ராத்திரி குடிலுக்கு முன்னாடி சம்மனசு றெக்கை கட்டி ஆடுனவ, நாலு வயசு. அவ ஐவிஎஃப்ல, அதான் அந்த டெஸ்ட் டியூப் முறையில பிறந்தவன்னு உங்களுக்குத் தெரியாததில்ல, ஞானஸ்நானம் குடுத்ததே நீங்கதான்.

சபையோட போதனைய மாத்துங்கன்னு நான் கேக்கல, அதுக்கு நான் யாரு. கேக்கிறது ஒண்ணுதான், முன்னாடியே சொல்லுங்க. எங்க கல்யாணத்துக்கு முந்தி திருமணத் தயாரிப்பு வகுப்புல உக்கார வச்சு சேமிப்பு, மாமியார், குடி, இயற்கை முறை குடும்பக் கட்டுப்பாடு வரைக்கும் பேசுனாங்க. பிள்ளையே இல்லாம போனா எது செய்யலாம், எது கூடாதுன்னு ஒரு வார்த்த கிடையாது. 7 வருசம் முதல் வெள்ளி தவறாம இடைக்காட்டூர் கோயிலுக்குப் போனோம், வேளாங்கண்ணியில தொட்டில் கட்டுனோம், பாக்கிறவங்க எல்லாரும் விசேசம் உண்டான்னு கேட்டாங்களே தவிர ஒருத்தரும் சொல்லல. ஹார்மோன் மருந்து, குழாய் அடைப்புக்கு ஆபரேஷன் இதெல்லாம் சபை ஏத்துக்குதுன்னு 2008-ல ரோம்ல இருந்து வந்த ஏட்டுல இருக்கு. அத நான் தேடிப் படிச்சதே பிள்ள பிறந்த பிறகுதான்.

இப்ப எங்க கஷ்டம் வேற. அப்ப உண்டாக்குனதுல மிச்சமான கரு ரெண்ட ஆஸ்பத்திரில உறைய வச்சிருக்காங்க, அதுக்காக வருசா வருசம் ஜூன்ல அங்கருந்து போன் வரும். "மேடம், உங்க எம்பிரியோ ரெண்டு இருக்கு, ரினியூவல் கட்டுறீங்களா?" போன தடவ பெரியார் பஸ் ஸ்டாண்டுல காய்கறிப் பையோட நிக்கிறேன், அம்புட்டுக் கூட்டத்துல என்னன்னு பதில் சொல்றது, கட்டிருறேன்னு வச்சுட்டேன், பஸ்ஸ விட்டுட்டு அங்கனயே உக்காந்துட்டேன். எனக்கு மொத்தம் மூணு பிள்ள, ஃபாதர். ஒண்ணு எங்க வீட்டுல பருப்புச்சோறு வேணாம்னு அடம் பிடிக்குது, ரெண்டு ஃப்ரீசர்ல இருக்கு. இன்னொரு தடவ சுமந்தா என் உசுருக்கே ஆபத்துன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. இந்த சிகிச்சைக்குன்னு 2021-ல நம்ம நாட்டுல வந்த சட்டப்படி கருவ 10 வருசத்துக்கு மேல வைக்க முடியாது, அப்புறம் அழிய விடணும் இல்லன்னா ஆராய்ச்சிக்குக் குடுக்கணும். என்ன செய்யன்னு உங்ககிட்டயே வந்து கேட்டேன், ஜெபம் பண்ணும்மான்னீங்க. பண்றேன். ஆனா உறைய வச்ச கருவுக்கு நியாயமான தீர்வே இல்லன்னு அந்த ரோம் ஏடே சொல்லுதே, ஜெபத்த முடிச்சுட்டு நான் எந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடுறது?

முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஒரே ஒரு முட்டைய மட்டும் கரு ஆக்குங்கன்னாவது டாக்டர்கிட்ட சொல்லிருப்போம். அதுவும் தப்புதான்னு சொல்வீங்க, சரி, ஆனா இந்த ரெண்டும் அங்க கிடந்திருக்காது.

இன்னொன்னு, சொல்லக்கூடாதுதான், சொல்றேன். போன வருசம் நம்ம திருவிழா மலரோட பின் அட்டையில யாரு விளம்பரம்? குழந்தையின்மை சிகிச்சை ஆஸ்பத்திரி, முழுப் பக்கம், கலர்ல. அந்தக் காசுல சப்பரத்துக்கு சீரியல் லைட்டு நல்லாத்தான் எரிஞ்சது. அவங்க காசு ஆகும், அங்க போயி பெத்த பிள்ளதான் ஆகாதா?

1978-ல உலகத்தோட முதல் டெஸ்ட் டியூப் குழந்த லூயிஸ் பிரவுன் பிறந்தப்ப வெனிஸ் கர்தினால் ஆல்பினோ லுச்சியானி அந்த முறைய ஒத்துக்கல, ஆனா பிள்ளைக்கு வாழ்த்துச் சொன்னாரு, பெத்தவங்கள கண்டிக்க எனக்கு உரிமையில்லன்னாரு. அடுத்த மாசமே அவருதான் போப் ஆனாரு, முதலாம் ஜான் பால். அவருக்கு வந்த வார்த்த நம்ம பீடத்துல இருந்து வரக்கூடாதா?

கோவத்துல கூடக்குறைய எழுதியிருந்தா மன்னிச்சிருங்க ஃபாதர். ஈஸ்டர் முடிஞ்சு அடுத்த வகுப்பு ஆரம்பிக்கும்போது இதுக்குன்னு ஒரு மணி நேரம் ஒதுக்கி முன்னாடியே சொல்லுங்க, விவரம் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தரக் கூப்பிடுங்க, ஆள் கிடைக்கலன்னா நானே வாரேன், எனக்கு வெக்கமெல்லாம் போயி ரொம்ப நாளாச்சு. ஜூன்ல மறுபடி போன் வரும். அதுக்கு முந்தி ஒரு சாயங்காலம் நேரம் குடுத்தீங்கன்னா நானும் வீட்டுக்காரரும் அந்தப் பேப்பர எடுத்துக்கிட்டு வாரோம்.

இப்படிக்கு,
உங்க பங்குல நாலாவது பெஞ்சுல உக்கார்றவ,
மதுரை