கட்டணத்தோடு தங்கும் செலவையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவு வந்ததிலிருந்து உங்கள் கல்விப் பக்கத்தைத் தினமும் படிக்கிறேன், எங்கள் தெருவில் சிலர் அதைக் கத்தரித்தே வைத்துக்கொள்கிறார்கள். வெளிமாநிலப் பல்கலைக்கழகங்களைப் பற்றி எழுதும்போது மட்டும் ஒரு குறை. கட்டணம் என்று ஒரு தொகையைப் போட்டதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரியில் பி.ஏ. படிக்க ஆண்டுக்குச் சுமார் 20, 25 ஆயிரம் ரூபாய் என்று படிக்கிற குடும்பம், "அட, இங்கே இருக்கிற தனியார் கல்லூரியைவிடக் குறைவாக இருக்கிறதே" என்றுதான் நினைக்கும். 2022-இல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் பொது நுழைவுத் தேர்வு வந்தபிறகு நம் ஊர்ப் பிள்ளைகளும் அதை எழுதி அங்கே போகிறார்கள், என் மகளும் அப்படிப் போனவள்தான். முதல் ஆண்டு எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சத்தைத் தாண்டியது. அதில் கல்லூரிக்குக் கட்டியது பத்தில் ஒரு பங்குதான்.

மீதி எங்கே போனது என்றால், பெரும்பகுதி தங்குவதற்கு. அங்கே பல கல்லூரிகளில் விடுதியே கிடையாது, இருக்கிற கல்லூரிகளிலும் இடம் கொஞ்சம்தான். கிடைக்காதவர்கள் வடக்கு வளாகம் என்றால் கமலா நகர், விஜய் நகர், ஹட்சன் லேன் பக்கம், தெற்கு வளாகம் என்றால் சத்ய நிகேதன் பக்கம் பி.ஜி., அதாவது அறையும் சாப்பாடும் தரும் தனியார் தங்குமிடம் தேட வேண்டும். இரண்டு பேர் தங்கும் அறைக்குச் சாப்பாட்டோடு மாதம் 14 ஆயிரம் கொடுக்கிறோம். ஒப்பந்தம் 11 மாதத்துக்கு, பிள்ளை கோடை விடுமுறைக்கு ஊரில் இருந்தாலும் வாடகை ஓடும், முன்பணம் வேறு. மின்சாரம் தனி. அறைக்கென்று ஒரு மீட்டர் இருக்கும், யூனிட்டுக்கு வீட்டுக்காரர் சொல்வதுதான் விலை, மே மாதம் ஏ.சி., டிசம்பரில் கீசர் என்று அது எல்லாக் காலத்திலும் ஏறும். ஞாயிறு இரவு சமையல் கிடையாது, வெளியில்தான் சாப்பிட வேண்டும். மெட்ரோவில் மாணவர் சலுகை இல்லை. ஜனவரி இரவுகளில் 5 டிகிரிக்கும் கீழே போகிற ஊர் அது, விருதுநகர் வெயிலில் வளர்ந்த பிள்ளைக்கு ஒரு ஸ்வெட்டர்கூட வீட்டில் இல்லை, ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை முதல் காலுறை வரை புதிதாக வாங்கினோம்.

அப்புறம் ரயில். எங்களுக்குத் தோதான திருக்குறள் எக்ஸ்பிரஸ் வாரத்துக்கு இரண்டு நாள்தான். முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, பரீட்சைத் தேதியோ அதற்கும் பிறகுதான் தெரியவருகிறது, அதற்குள் டிக்கெட் தீர்ந்துவிடும். தட்கல் கிடைக்காவிட்டால் விமானம், அதுவும் தீபாவளி நேரத்தில் கேட்கவே வேண்டாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போன் வந்தால் நாம் ஓட வேண்டிய செலவையும் இதில் சேர்த்துத்தான் வைக்க வேண்டும். சொந்த ஊருக்குப் போகும் மாணவர்களுக்கு ஸ்லீப்பர் வகுப்பில் பாதிக் கட்டணச் சலுகை இருக்கிறது, எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 75 சதவீதம். கல்லூரியில் படிவம் வாங்கி, முத்திரை போட்டு, முன்பதிவு கவுன்டருக்கு நேரில் போக வேண்டும். இது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

கட்டணத்தை மட்டும் பார்த்தால் எப்படித் தவறான முடிவுக்குப் போவோம் என்பதற்கு இன்னொன்று சொல்கிறேன். கோழிக்கோடு, வாரங்கல் போன்ற இடங்களில் இருக்கும் என்.ஐ.டி. என்கிற மத்திய அரசுப் பொறியியல் கல்லூரிகளில் கல்விக் கட்டணம் பருவத்துக்கு 62,500, ஆண்டுக்கு 1.25 லட்சம். படித்ததும் பயந்துவிடுவோம். ஆனால் குடும்ப வருமானம் ஒரு லட்சத்துக்குள் என்றால் அது முழுவதும் தள்ளுபடி, 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி, எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு வருமானம் பார்க்காமல் முழுத் தள்ளுபடி. விடுதியும் மெஸ்ஸும் வளாகத்துக்குள்ளேயே. அந்தக் குடும்பத்துக்கு என்.ஐ.டி. படிப்பு, டெல்லி பி.ஏ.வைவிடக் குறைவாகவே முடிய வாய்ப்பு அதிகம்.

வங்கிக் கடன் விஷயத்திலும் இதே கதைதான். கல்லூரிக் கட்டண ரசீதை மட்டும் வைத்து எங்களுக்குக் கடன் போடப் பார்த்தார்கள், அந்தப் பணத்தில் இரண்டு மாத வாடகைகூடத் தேறாது. வெளியில் தங்கினால் நியாயமான தங்கும் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் சேர்க்கலாம் என்று இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அதற்கு ஒப்பந்தமும் ரசீதும் வேண்டும், பி.ஜி. நடத்துகிறவர்கள் பலர் ரசீது தருவதே இல்லை. முன்பணம் கொடுக்கும் முன்பே ரசீது உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

பிள்ளைகளைத் தூரமாக அனுப்பாதீர்கள் என்று சொல்ல நான் எழுதவில்லை. என் மகள் அங்கே நன்றாகப் படிக்கிறாள், அடுத்த ஆண்டு பணத்துக்கும் இப்போதே வழி செய்துகொண்டிருக்கிறோம். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளை பாதியில் பணமில்லாமல் திரும்பி வரக்கூடாது என்பதுதான் என் கவலை. எனவே ஒரு வேண்டுகோள். வெளிமாநிலக் கல்லூரி எதைப் பற்றி எழுதினாலும் வளாகத்துக்குள் விடுதி கிடைக்குமா, கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியில் வாடகை எவ்வளவு, எத்தனை மாதத்துக்குக் கட்ட வேண்டும், ஊருக்கு ஆண்டில் இரண்டு முறை வந்துபோக எவ்வளவு, தள்ளுபடி யாருக்கு என்பதையும் கட்டணத்தோடு சேர்த்தே போடுங்கள். பள்ளிக்கல்வித் துறையும் 'கல்லூரிக் கனவு' உயர்கல்வி வழிகாட்டி நிகழ்ச்சிகளில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இதைக் கணக்குப் போட்டுக் காட்டலாம். எங்கள் முதலாண்டுக் கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது, தேவைப்பட்டால் நகல் அனுப்புகிறேன்.

ஒரு மாணவியின் தாய்,
விருதுநகர்