பதிவேட்டில் அவர்கள் பெயரும் ஏறட்டும்

மண்டபம்

அன்புள்ள தாயி,

நீ தாவரவியல் பூங்காவுக்கு இயக்குநர் ஆன செய்தியைத் தம்பி போனில் சொன்னதும் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். எனக்கும் பெருமை தாங்கவில்லை. இனி கோப்பு, டெண்டர், கூட்டம் என்று நாள் ஓடும். அதையெல்லாம் நீ சமாளித்துவிடுவாய். நான் கேட்க நினைப்பது வேறு.

பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்திய காலத்திலேயே எனக்கு வில்லியம் ராக்ஸ்பரோ என்ற தாவரவியலாளர் மேல் பெரிய மதிப்பு. ஹௌராவுக்குப் பக்கத்தில் சிப்பூரில் 1787-ல் ராபர்ட் கிட் தொடங்கிய தோட்டத்துக்கு 1793-ல் பொறுப்பேற்றவர். இந்தியாவில் இருந்த காலத்தில் 2,500-க்கும் மேற்பட்ட செடிகளைப் படமாக வரைய வைத்தார். இலை நரம்பு, பூவைப் பிளந்தால் தெரியும் உள்பாகம் என்று ஒன்றையும் விடாமல் வரைந்தவர்கள் நம் நாட்டு ஓவியர்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. ராக்ஸ்பரோ பெயரிட்ட செடிகளின் அறிவியல் பெயருக்குப் பின்னால் அவருடைய பெயர்ச்சுருக்கம் இன்றைக்கும் நிற்கிறது. எனக்கு இது ஆறவே இல்லை.

கடலில் பாசி எடுக்கும் நம் பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்களை நினைத்துக்கொள். மரிக்கொழுந்துப் பாசி கடலடியில் எந்தப் பாறைத்திட்டில் தழைக்கிறது, அடியோடு பிடுங்காமல் எப்படிக் கிள்ளினால் மறுபடி துளிர்க்கும் என்பதெல்லாம் அவர்களுக்குக் கைப்பழக்கம். மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். 2015-ல் லட்சுமி மூர்த்திக்கு, தீவுகளின் இயற்கையைக் காக்கும் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பின் விருது கிடைத்தபோது அந்தக் கூட்டத்தில் ஒருத்தியின் பெயராவது வெளியே தெரிந்தது. மற்றவர்கள்?

உன் பூங்காவிலும் அப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள். எந்த நாற்று எந்த மழையில் அழுகும் என்று தொட்டுப் பார்த்தே சொல்லும் தோட்டக்காரர், காட்டுக்குள் செடி இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுப்பவர். செடி வந்து சேரும் பதிவேட்டில், செடியை உலர்த்தி ஒட்டி வைக்கும் உலர்தாவரத் தாளில், அவர்கள் பெயரையும் எழுதச் சொல். இயக்குநர் கையெழுத்திட்டுச் சொன்னால்தான் இது நடக்கும் தாயி. கீழே இருப்பவர் ஆசைப்பட்டு ஆகாது.

அப்புறம், நம் கடற்கரைச் செடிகளுக்கும் ஒரு மணல்மேடு ஒதுக்கு. அடும்புக் கொடி, ராவணன் மீசைப் புல், ஓரமாக ஓர் உடைமரம். ரோஜாவுக்கு இடம் கொடுக்கிறவர்கள் கரை மணலைப் பிடித்து வைக்கும் கொடிக்கும் கொடுக்கலாம். அடும்பு விதை கொஞ்சம் அனுப்புகிறேன். ஓடு கெட்டி, லேசாக உரசிவிட்டு ஊறப்போடு. பொறுக்கித் தந்த அத்தையின் பெயரையும் ஊரையும் பொட்டலத்தின் மேல் எழுதியிருக்கிறேன். பதிவேட்டில் அப்படியே ஏற்று.

அன்புடன்,
அப்பா